டவர் டிஃபென்ஸ்: காவலரண் ஆட்டம்

எதிரிகள் அலை அலையாக ஒரு வழியே வந்து, காக்கப்படவேண்டிய ஓர் இடத்தை எட்ட முயல்வார்கள். அவர்கள் அங்கே சென்று சேரும் முன்பே அழிந்துபோகும்படி, தாமாகவே இலக்கைக் கண்டு தாக்கும் கருவிகளை அவ்வழியோரம் நிறுவுவது ஆடுபவரின் வேலை. இந்த அமைப்பைக் கொண்ட காணொளி விளையாட்டு வகைக்கே ‘டவர் டிஃபென்ஸ்’ என்று பெயர். ஆடுவோர் அதைச் சுருக்கி ‘டிடி’ என்பர். கையிருப்புப் பணம் அளவானது. வீழ்த்தப்படும் ஒவ்வோர் எதிரியும் அதைச் சற்றே கூட்டுகிறது. தப்பிச் செல்லும் ஒவ்வோர் எதிரியும் நம் உயிர்களில் ஒன்றைப் பறிக்கிறது. இவ்வகையின் தூய வடிவத்தில் ஆடுபவர் தம் கையால் சுடுவதில்லை. எதை, எங்கே, எந்த நேரத்தில் நிறுத்துவது என்ற முடிவுகள் மட்டுமே அவருடையவை.

‘டவர்’ என்ற ஆங்கிலச் சொல் ‘டுர்ரிஸ்’ என்னும் இலத்தீனச் சொல்லிலிருந்து வந்தது. ‘டிஃபென்ஸ்’ என்பதன் மூலமான ‘டேஃபெண்டெரே’ என்ற இலத்தீன வினைக்கு ‘அடித்து விலக்குதல்’ என்பது பொருள். தாக்குதலைக் குறிக்கும் ‘அஃபென்ஸ்’, வேலியைக் குறிக்கும் ‘ஃபென்ஸ்’ ஆகிய சொற்களும் இதே வேரின் கிளைகளே. ஆகவே, ஒதுங்கிப் பதுங்குவது அன்று, எதிர்த்து அடித்துத் துரத்துவதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். வேலிபோல் வழியோரம் நின்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கும் இவ்விளையாட்டுக் கருவிகளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

மதிலைக் கட்டிப் பீரங்கியை நிறுத்திக் கோட்டையைக் காக்கும் ‘ராம்பார்ட்’ என்னும் அட்டாரி நிறுவன விளையாட்டு 1990-இல் வெளிவந்தது. அதை இவ்வகையின் முன்னோடியாகப் பலர் கொள்வர். ஆனால் அதில் பீரங்கியை இயக்கிச் சுடுபவர் ஆடுபவரே. ‘டவர் டிஃபென்ஸ்’ என்ற பெயர் நிலைபெற்றது, ‘ஸ்டார்கிராஃப்ட்’, ‘வார்கிராஃப்ட் 3’ ஆகிய விளையாட்டுகளோடு வந்த வரைபடத் தொகுப்புக் கருவியைக் கொண்டு ஆட்டக்காரர்கள் தாமே உருவாக்கிப் பகிர்ந்த களங்களின் வழியாகத்தான். ஒரு பெருநிறுவனத்தின் விளம்பரத்தில் பிறக்காமல், ஆடுவோரின் புழக்கத்திலேயே வளர்ந்த பெயர் என்பதால், இதற்கு ஈடாகத் தமிழில் வரும் சொல்லும் ஆடுவோர் வாயில் நிற்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று கருதுகிறேன். 2007-இல் உலாவியில் ஆடப்பட்ட ‘டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்’, ‘புளூன்ஸ் டவர் டிஃபென்ஸ்’ ஆகியவை இப்பெயரைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றன.

அங்கிருந்து இவ்வகை கைக்கருவிகளுக்கும், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோல்களுக்கும் பரவியபோது, ‘நிறுவுதல்’ என்ற அதன் மையச் செயலே உருமாறியது. 2008-இல் ‘ஃபீல்டுரன்னர்ஸ்’ ஐபோனில் வந்தது. ‘கிங்டம் ரஷ்’ 2011-இல் முதலில் உலாவியிலும் பின்னர் ஐபேடிலும் வந்தது. டேப்லெட்டில் கருவியை வைக்க நினைத்த இடத்தை விரலால் தொட்டாலே போதும்; ஆயினும் அதே விரல் அந்த இடத்தை மறைத்துவிடும். ‘கிங்டம் ரஷ்’ இச்சிக்கலை நேர்த்தியாகத் தீர்த்தது: கட்டுவதற்கென்று மனைகளை முன்பே குறித்துவைத்து, அவற்றுள் ஒன்றைத் தொட்டவுடன் அதைச் சுற்றி வளையமாகத் தெரிவுகளை விரித்துக்காட்டியது. கன்சோலிலோ தொடுவதற்கு வழியில்லை. கைப்பிடியின் குச்சியைச் சாய்த்துச் சுட்டியை நகர்த்தவேண்டும், அதற்கு நேரம் செல்லும். கியோட்டோவைச் சேர்ந்த கியூ-கேம்ஸ் நிறுவனம் பிளேஸ்டேஷன் 3-க்கு உருவாக்கிய ‘பிக்சல்ஜங்க் மான்ஸ்டர்ஸ்’ அந்தத் தாமதத்தையே ஆட்டமாக்கியது. அதில் ஆடுபவரின் பாத்திரம் ஒவ்வொரு மரத்தடிக்கும் நடந்து சென்றுதான் அம்மரத்தைப் போர்க்கருவியாக மாற்றமுடியும். தொலைவும் ஒரு செலவாகிவிடுகிறது. 2011-இல் வந்த ‘ஆர்க்ஸ் மஸ்ட் டை’ இன்னும் ஒரு படி மேலே போய், ஆடுபவரையே ஆயுதத்துடன் களத்தில் இறக்கிவிட்டது.

தமிழில் இப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘கோபுரப் பாதுகாப்பு’ என்று எழுதினால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. முதலாவது, அத்தொடர் கோபுரத்தைப் பாதுகாப்பது என்றே தமிழ்ச் செவிக்குப் பொருள்படும். விளையாட்டிலோ கோபுரம் காக்கப்படும் பொருள் அன்று, காக்கும் கருவி. இரண்டாவது, ‘கோபுரம்’ நகர வாயிலையும் குறித்த சொல்லே என்றாலும், இன்று அது கோயிலைத்தான் முதலில் நினைவூட்டுகிறது. ‘காவற்கோபுரம்’ என்பது முதல் தவறைத் தவிர்த்தாலும், தொலைவைக் கண்காணிக்கும் உயர்ந்த கட்டடத்தையே சுட்டுகிறது. ‘புளூன்ஸ்’ ஆட்டத்தில் குரங்குகளும், 2009-இல் வந்த ‘பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ்’ ஆட்டத்தில் செடிகளும் அல்லவா இவ்வேலையைச் செய்கின்றன! உயரமோ கட்டட வடிவமோ இவ்வகைக்கு இன்றியமையாதவை அல்ல.

ஆகவே நான் பரிந்துரைப்பது ‘காவலரண்’ என்ற சொல். இது புதிதாக ஆக்கியது அன்று. வீரர்கள் நின்று காக்கும் சிறு காப்பிடத்தைக் குறிக்க ஈழத்துச் செய்தித் தமிழில் நெடுங்காலமாக வழங்குவது. நிறுவப்படும் ஒவ்வொரு கருவியையும் ‘காவலரண்’ என்றும், விளையாட்டு வகையைக் ‘காவலரண் ஆட்டம்’ என்றும் சொல்லலாம். இதன் பின்பகுதியான ‘அரண்’ என்பதற்குத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. ‘சிறுகாப்பிற் பேரிடத்த தாகி உறுபகை ஊக்கம் அழிப்ப தரண்’ என்ற 744-ஆம் குறள், காக்கவேண்டிய இடம் சிறிதாகவும் உள்ளிடம் பெரிதாகவும் அமைந்து பகைவரின் ஊக்கத்தை அழிப்பதே அரண் என்கிறது. எதிரிகள் அனைவரும் கடந்தே ஆகவேண்டிய இடுக்கான வளைவைத் தேடி, அங்கே தன் வலிமையான கருவியை நிறுத்தும் ஆட்டக்காரர் செய்வதும் இதுதான். தானே இயங்கித் தாக்கும் கருவி என்ற எண்ணமும் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரையின் மதிற்பொறிகளை அடுக்கும்போது குறிப்பிடும் ‘வளைவிற் பொறி’யை, வளைந்து தானே எய்யும் எந்திர வில் என்று உரைகள் விளக்குகின்றன.

துணைச்சொற்களில் பெரும்பாலானவை எளிதில் அமைகின்றன. ‘வேவ்’ என்பதற்கு ‘அலை’ போதும். தாக்கும் தொலைவுக்கு ‘வீச்சு’ பொருந்தும். வழியிலேயே பதித்துவைக்கும் கருவியைப் ‘பொறி’ எனலாம். திறந்த களத்தில் கருவிகளையே சுவராக அடுக்கி எதிரிகளைச் சுற்றவிடும் உத்தியை ‘வழி வளைத்தல்’ என்று சொல்லிப் பார்க்கிறேன்.

காவல் செய்யும் பக்கத்தை விட்டு, வரும் படையை நாமே நடத்திச் சென்று கருவிகளைத் தகர்க்கும் ஆட்டங்களும் உண்டு. 2011-இல் வந்த ‘அனாமலி: வார்சோன் எர்த்’ அத்தகையது. முற்றுகையிடுவோர் செயலை உழிஞை என்றும் மதிலைக் காப்போர் செயலை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை என்னும் பழைய இலக்கண நூல் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. பொதுவாசகருக்கு அப்பெயர்கள் இன்று உடனே விளங்கமாட்டா. எனவே இம்மறுதலை வகைக்கு ‘அரண் தகர்ப்பு ஆட்டம்’ என்பதே தகும்.