பினோடாஜும் டர்பன் மட்டன் கறியும்: எது சேரும், எது கெடுக்கும்

டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து விருந்துகளில் பினோடாஜ் என்ற சிவப்பு ஒயினைத் திறந்தால், "தொண்டை எரியுது, கசக்குது" என்ற பேச்சு கட்டாயம் வரும். பழி ஒயின் மேல் விழும். ஆனால் பெரும்பாலும் தவறு பாட்டிலின் சூட்டிலோ, தட்டின் ஓரத்தில் இருக்கும் சம்பலிலோதான் இருக்கிறது.

பினோடாஜ் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த திராட்சை. 1925-இல் கேப்டவுன் பக்கத்து ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் பெரோல்ட், பினோ நுவார், சான்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து உருவாக்கினார். லேபிளில் அந்தப் பெயர் முதலில் ஏறியது 1961-இல், லான்சராக் முத்திரையில். நல்ல சரக்குக்கு இன்றும் ஸ்டெல்லன்போஷ்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். சீமோன்ஸ்பெர்க், ஹெல்டர்பெர்க் சரிவுகளில் சிதைந்த கிரானைட் மண். பிற்பகலில் ஃபால்ஸ் பே கடற்காற்று வந்து வெயிலைத் தணிக்கும். லேபிளில் ஊர்ப் பெயர் இருந்தால் திராட்சை முழுவதும் அங்கே விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்தத் திராட்சை சீக்கிரம் பழுக்கும். அறுவடை கோடை உச்சத்திலேயே வந்துவிடுவதால் பழம் சூட்டோடு தொட்டிக்குள் போகிறது. குளிர்விக்காமல் விட்டால் நொதித்தல் தறிகெட்டு ஓடி, நகப்பூச்சு வாசனை ஏறிவிடும். தோலை அதிக நாள் ஊறவிட்டால் கசப்பு இறங்கும். மலிவான பாட்டிலில் இந்த இரண்டும் இருந்தால் எந்தக் கறியும் காப்பாற்றாது.

இனி சூடு. மிளகாயின் கேப்சைசின் நாக்கில் எந்த உணர்வியைத் தூண்டுகிறதோ, அதையே ஆல்கஹாலும் தூண்டுகிறது. 14 சதவீத ஒயினை டர்பன் கோடையின் 28 டிகிரியில் ஊற்றினால் எரிச்சல் இரட்டிப்பாகத் தெரியும். 15, 16 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்: ஐஸும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளியில் கால் மணி நேரம், அல்லது ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம். வெறும் ஐஸில் செருகினால் இடையில் காற்று நின்று நேரம் இழுக்கும். மிகவும் குளிர்ந்துவிட்டால் துவர்ப்பு முன்னால் வந்து நிற்கும். பத்து நிமிடம் வெளியே வைத்தால் சரியாகும்.

இதற்கு மிகச் சரியான ஜோடி பிராய் எனும் திறந்த நெருப்பு அடுப்பில் சுட்ட ஆட்டுச் சாப்ஸ். கொழுப்பும் உப்பும் துவர்ப்பை மழுக்கும், புகை ஒயினின் புகைவாசனையோடு ஒட்டிக்கொள்ளும். மட்டன் கறி என்றால் உருளைக்கிழங்கு போட்டு, காரம் நிதானமாக, கிரேவி கெட்டியாக இருக்கட்டும். உள்ளே குடைந்த ரொட்டியில் கறியை நிரப்பும் பன்னி சௌவில் ரொட்டியே கிரேவியை உறிஞ்சிக் காரத்தைத் தணித்துவிடும். ஆனால் கூட வரும் கேரட் சம்பலில் வினிகரும் பச்சை மிளகாயும் இருக்கிறதே, அதுதான் வில்லன்! அதைக் கடித்த வாயோடு குடித்தால் ஒயின் வெறும் தண்ணீராகத் தோன்றும். ஒயின் இருக்கும் தட்டில் சம்பல் வேண்டாம். சைவத்துக்கு சுகர் பீன்ஸ் கறியும் எண்ணெயில் நன்றாக வதங்கிய கத்தரிக்காயும் நன்றாகச் சேரும்.

புளி ஊற்றிய மீன் குழம்புக்கு இது ஆகாது. குளிர்காலத்தில் கரைக்கு வரும் சார்டீன் பொரியலுக்கு அறவே ஆகாது: ஒயினில் உள்ள இரும்பு மீன் எண்ணெயோடு வினைபுரிந்து வாயில் கவிச்சி ஏறும். காபி வாசனையுள்ள பினோடாஜ் என்று விற்பதில் அந்த வாசனை வறுத்த ஓக் மரத்திலிருந்து வருவது. காரக் கறியோடு அது கசக்கும், சாக்லேட் கேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

150 மில்லி கிளாஸில் சுமார் 21 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. காரம் தின்றவர் தாகத்துக்குக் குடிப்பதுபோல் மடமடவென்று குடிப்பார். ஒவ்வொருவர் பக்கத்திலும் தண்ணீர் வையுங்கள். இந்த நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு எல்லை 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம். ஓட்டப் போகிறவர் கிளாஸைத் தொடாமலிருப்பதே கணக்குக்குச் சுலபம்.

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நாள் தாங்கும். பிறகு வினிகர் வாடை வந்தால் கீழே ஊற்றுங்கள், கறியில் ஊற்றாதீர்கள்.