கடைசிப் படகின் கணக்கை மாற்றிய '&'

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் ஒரு மீன் வியாபாரிக்குப் பிஎச்பி (PHP) என்ற நிரல்மொழியில் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். தடை முடிந்து படகுகள் திரும்பிய முதல் நாளே ஒரு படகுக்காரர் போனில் கேட்டார்: "தம்பி, டீசல் காசு கழிச்சா எனக்கு ஒரு லட்சத்து நாப்பத்தேழாயிரம் வரணும். சீட்டுல அம்பத்திரண்டாயிரத்து ஐநூறு போட்டிருக்கே?"

அது அவருக்கு முந்தைய படகின் தொகை.

நான் செய்தது இதுதான். டீசல் முன்பணத்தைக் கழிக்க, ஒவ்வொரு தொகையாக எடுத்துச் சுற்றும் ஃபோர்ஈச் (foreach) கட்டளையில் $வரி என்ற மாறிக்கு முன்னால் '&' போட்டு, தொகைகளின் பட்டியலான அரேயையே (array) திருத்தினேன்; '&' போட்டால் $வரி நகலாக இல்லாமல் பட்டியலின் உறுப்பையே குறிக்கும். அடுத்து சீட்டு அச்சிட இன்னொரு ஃபோர்ஈச்; அதிலும் அதே $வரி, '&' இல்லாமல். முதல் சுற்று முடிந்த பிறகும் $வரி கடைசி உறுப்போடு கட்டுண்டே இருக்கும், அதில் எதைப் போட்டாலும் அந்தக் கடைசி இடத்தில் போய் விழும் என்பதை மறந்துவிட்டேன்.

அரேயில் 84,000, 52,500, 1,47,000. அச்சிடும் சுற்றில் முதல் தொகை $வரிக்கு வரும்போதே மூன்றாவது இடமும் 84,000 ஆகிறது. இரண்டாவது வரும்போது அது 52,500. மூன்றாவதை எடுக்கும்போது அங்கே இருப்பதே 52,500தான். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. பிஎச்பி 8-லும் இப்படித்தான்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன், ஒரே ஒரு படகின் கணக்கை வைத்து. ஒரே உறுப்பு இருந்தால் இந்தப் பிழை வெளியே தெரியாது. குறைந்தது மூன்று படகு, மூன்றும் வேறு வேறு தொகையாகக் கொடுத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து வந்தவரின் கூலி அது. வெறும் சோதனைத் தரவு என்று நினைக்க என்னால் முடியவில்லை.

சுற்று முடிந்த அடுத்த வரியிலேயே, அந்தக் கட்டை அவிழ்க்கும் அன்செட்($வரி) (unset) எழுதிவிடுங்கள். நான் இப்போது '&' போடுவதே இல்லை; சாவியையும் (பட்டியலில் ஓர் உறுப்பின் இடத்தைக் காட்டும் எண் அல்லது பெயர்) சேர்த்து எடுத்து, அந்தச் சாவியின் இடத்தில் நேராகத் திருத்துகிறேன்.

சாவி என்றதும் இன்னொன்று. படகின் டோக்கன் எண்ணைச் சாவியாக வைத்தால், சரமாக (எழுத்துத் தொடராக) வரும் "8"-ஐ பிஎச்பி தானாக எண் 8 ஆக்கிக்கொள்ளும். "08" சரமாகவே நிற்கும். காலையில் ஒருவர் 08 என்றும் மாலையில் இன்னொருவர் 8 என்றும் தட்டினால் ஒரே படகுக்கு இரண்டு கணக்கு விழும். அரேக்குள் வைக்கும் முன்பே எண்ணாக மாற்றிவிடுங்கள்.