ஒருவர் ஏற எத்தனை வினாடி?

அரை மணி நேரம் பஸ்ஸே வராது. அப்புறம் ஒரே நம்பரில் இரண்டு பஸ், ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றாக வந்து நிற்கும். முதல் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. இரண்டாவது பாதி காலியாக இருக்கும். டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று நிறுத்தத்தில் யாராவது முணுமுணுப்பார்கள். பேசிவைக்காவிட்டாலும் இப்படித்தான் நடக்கும் என்று நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964-இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

கணக்கு எளிதுதான். ஏதோ ஒரு சிக்னலில் பஸ் ஒரு நிமிடம் தாமதமாகிறது. அந்த நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறுவதற்குள் இன்னும் கொஞ்சம் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்றிக்கொள்ள ஆள் குறைவு, அதனால் அது விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. டிராஃபிக்கையும் பயணிகளின் எண்ணிக்கையையும் போக்குவரத்துக் கழகம் மாற்ற முடியாது. ஒருவர் ஏற எத்தனை வினாடி ஆகிறது என்பதை மாற்றலாம். டிக்கெட் காசை எப்போது, எங்கே வாங்குகிறோம் என்ற கேள்வி முக்கியமாவது இதனால்தான்.

டிரைவரே காசு வாங்கும் ஊர் ஒன்றில், ஆளுக்கு 5 வினாடி என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் ஏற 200 வினாடி, அதாவது மூன்று நிமிடத்துக்கு மேல். ஏறுவதற்கு முன்பே எல்லோரும் காசு கொடுத்துவிட்டார்கள், இரண்டு கதவிலும் ஏறலாம், ஆளுக்கு 2 வினாடி என்றால் 40 வினாடியில் வண்டியை எடுத்துவிடலாம். மிச்சமாவதில் கதவுகளுக்கும் ஒரு பங்கு உண்டு. காசு வாங்கும் வேலை டிரைவரிடம் இருக்கும்வரை மற்ற கதவுகளைத் திறந்துவிட முடியாது.

பிரேசிலின் குரிச்சிபா நகரம் இதை 1991-இல் கட்டடமாகவே கட்டிவிட்டது. மேயர் ஜெய்மி லெர்னர் கட்டடக் கலைஞர். கண்ணாடிக் குழாய் போன்ற நிறுத்தங்கள், நுழைவாயிலில் சுழல்கதவு, அங்கேயே கட்டணம். குழாயின் தரையும் பஸ்ஸின் தரையும் ஒரே உயரம் என்பதால் படி ஏறும் வேலையும் இல்லை. நியூயார்க் 2008-இல் பிராங்ஸ் பகுதியின் ஒரு வழித்தடத்தில் கட்டடம் இல்லாமலே இதைச் செய்தது: நடைபாதையில் ஒரு மெஷின், அதில் காசு கட்டி ரசீது, எந்தக் கதவிலும் ஏறலாம், அவ்வப்போது பரிசோதகர் வந்து ரசீதைக் கேட்பார்.

இதைப் படிக்கும் நமக்குச் சிரிப்பு வரலாம். இரண்டு படியிலும் ஏறுவது தமிழ்நாட்டில் புதிதா என்ன? கண்டக்டர் இருப்பதால், காசு வாங்கும் வேலை பஸ் ஓடும் நேரத்துக்குப் போய்விடுகிறது. உண்மையில் அருமையான ஏற்பாடு. ஆனால் நெரிசல் நேரத்தில் இது திணறும். கட்டணம் ஸ்டேஜ் கணக்கு. ஒரு ஸ்டேஜைத் தாண்டுவதற்குள் ஏறியவர்களுக்கெல்லாம் டிக்கெட் போட்டு, கணக்கை முடிக்க வேண்டும், செக்கிங் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். முடியாவிட்டால் ஒரு விசில், நிறுத்தமே இல்லாத இடத்தில் வண்டி ஓரங்கட்டி நிற்கும். "டிக்கெட் வாங்காதவங்க யாரு? சில்லறையா கொடுங்க." சில்லறை இல்லாவிட்டால் மீதியை டிக்கெட்டின் முதுகில் எழுதித் தருவார், இறங்கும்போது நாம் மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும். வாசலில் மிச்சம் பிடித்த வினாடிகள் இப்படி நடுரோட்டில் செலவாகின்றன.

சரி, காசுக்குப் பதில் தட்டினால் போதும் என்கிற கார்டு? அதைப் படிக்கும் கருவியான ரீடரிலிருந்து 13.56 மெகாஹெர்ட்ஸில் காந்தப்புலம் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. கார்டுக்குள் ஒரு கம்பிச் சுருளும் ஒரு சிப்பும். சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் வந்ததும் சுருளில் மின்சாரம் பிறந்து சிப் விழித்துக்கொள்கிறது, பேட்டரியே வேண்டாம். ஹாங்காங்கில் 1997 முதல் ஓடும் ஆக்டோபஸ் கார்டு இந்தப் பேச்சுவார்த்தையை 0.3 வினாடியில் முடித்துவிடுகிறது.

அந்தக் கண நேரத்துக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இவ்வகைக் கார்டில் மீதித்தொகை சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே பயணி கார்டை வெடுக்கென்று இழுத்தால்? மின்சாரம் போய் சிப் பாதியில் அணைந்துவிடும். பழைய தொகை அழிந்து புதியது எழுதப்படாமல் நின்றால் வம்பு. ஆகவே சிப் பழையதைத் தொடாமல், புதிய தொகையைப் பக்கத்து இடத்தில் முழுதாக எழுதிய பிறகே "இனி இதுதான் கணக்கு" என்று மாறிக்கொள்கிறது. பாதியில் இழுத்தால் பழைய தொகை அப்படியே நிற்கும், ரீடர் மறுபடி வைக்கச் சொல்லும்.

லண்டன் 2012 டிசம்பரில் சாதாரண வங்கிக் கார்டையே பஸ்ஸில் ஏற்கத் தொடங்கியது. 2014 ஜூலையில் ரொக்கத்தை முழுசாக நிறுத்திவிட்டது. வங்கிக் கார்டின் சிப்பில் டிக்கெட் பணம் எதுவும் இல்லை, வங்கியைக் கேட்டுப் பதில் வாங்கவும் நேரமில்லை, அரை வினாடிக்குள் முடிய வேண்டும். எனவே ரீடர் வங்கியைக் கேட்பதே இல்லை. கார்டு போலியில்லை என்பதை அதன் மின்கையொப்பத்தை வைத்துச் சரிபார்க்கிறது, தடைப்பட்டியலில் இல்லை என்று பார்க்கிறது, பச்சை விளக்கைப் போட்டுவிடுகிறது. அன்றைய பயணங்களையெல்லாம் இரவில் கூட்டி ஒரே தொகையாக வங்கியிடம் கேட்பார்கள். கணக்கில் பணம் இல்லையென்றால் கார்டு பட்டியலில் ஏறும், பாக்கியைக் கட்டும்வரை பஸ் ஏற முடியாது. ஒருவர் ஏமாற்றினால் போகும் காசைவிட, வாசலில் எல்லோரும் நிற்கும் நேரம் விலை அதிகம் என்ற கணக்கு இது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

நம் ஊரில் யுபிஐ க்யூஆர் இதற்கு நேர் எதிர். பயணியின் போன், அவர் வங்கி, வாங்குபவரின் வங்கி என்று சுற்றி வந்தால்தான் "பணம் வந்தது" என்று தெரியும். சிக்னல் இருந்தால் சில வினாடி, இல்லையென்றால் கண்டக்டர் போனையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சென்னை மெட்ரோவின் சிங்காரச் சென்னை கார்டு 2025 முதல் மாநகரப் பஸ்ஸிலும் செல்கிறது. அது ஆக்டோபஸ் போல பணத்தைச் சிப்பிலேயே வைத்திருப்பதால் நெட்வொர்க்குக்குக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். 2021 மே முதல் தமிழ்நாட்டுச் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் டிக்கெட் உண்டு. எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்று தெரிந்தால்தானே கழகத்துக்கு அரசு ஈடு தர முடியும்? ஆக, காசு கைமாறாவிட்டாலும் கண்டக்டர் கூட்டத்தில் நீந்திப்போய் டிக்கெட் கொடுக்கும் வினாடிகள் குறையவில்லை. இரண்டு படியிலும் ரீடர் வைத்து பெண்களையும் கார்டைத் தட்டச் சொன்னால் எண்ணிக்கை தானாகக் கிடைக்கும். ஆனால் படியில் தொங்கிக்கொண்டு வருகிறவர் தட்டினாரா இல்லையா என்று பார்க்க, அப்போதும் கண்டக்டர்தான் அங்கே போயாக வேண்டும்.