போல்ட் மூடவில்லையா, முதலில் கையை எடுங்கள்

டெக்சாஸில் நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டை சீசன் ஆரம்பிக்கும். அதற்கு முந்தைய சில வாரங்களில் எங்கள் பட்டறைக்கு வரும் ரைஃபிள்கள் பலவற்றில் பழுதே இருக்காது. வீட்டில் ரீலோட் செய்த, அதாவது சுட்ட கூட்டில் புதிதாக மருந்தும் குண்டும் வைத்துத் தயாரித்த தோட்டா, சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) முழுசாகப் போகாமல் நிற்கும், ஆனால் வருகிறவர் துப்பாக்கி கெட்டுவிட்டது என்றுதான் சொல்வார்.

போன சீசனில் வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், நிதானமான மனிதர். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 40 தயார் செய்து, சரியாகப் போகிறதா என்று கராஜில் வைத்தே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஐந்து போயிருக்கிறது. ஆறாவதில், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் கைப்பிடி பாதியில் நிற்க, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. அப்புறம் மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. குழலின் முனை வழியாக கிளீனிங் ராடை விட்டுத் தட்டலாமா என்று யோசித்தவர், நல்லவேளை, அதைச் செய்யாமல் எங்களுக்கு போன் செய்தார்.

உள்ளே இருப்பது பவுடரும், அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் உள்ள உயிருள்ள தோட்டா. அதை எதிர்ப்பக்கத்திலிருந்து ராடால் அடிப்பது உங்கள் கையையும் முகத்தையும் அதற்கு நேராக வைப்பதுதான். சிக்கிவிட்டால் முனையை ஆபத்தில்லாத திசையில் வைத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் உயிருள்ள தோட்டாவைச் சேம்பரில் போட்டுப் பார்க்கவே கூடாது, அதற்குக் காலியான பித்தளைக் கூடு போதும்.

சரி, எங்கே இடிக்கிறது? ஊகிக்க வேண்டாம், தோட்டாவே சொல்லும். பவுடரும் ப்ரைமரும் இல்லாத, டையில் (கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) சைஸ் செய்த கூடு ஒன்றை எடுத்து, உடம்பு முழுக்கக் கறுப்பு மார்க்கரைப் பூசி, காய்ந்ததும் சேம்பரில் மெதுவாக விட்டு எடுங்கள். அவருடைய கூட்டில் கழுத்து கறுப்பாகவே இருந்தது, அடிப்பாகமும் அப்படியே. கழுத்துக்குக் கீழே சரிவாக இறங்கும் ஷோல்டரில் மட்டும் மோதிரம் மாதிரி ஒரு பித்தளை வளையம் பளிச்சென்று தெரிந்தது. ஷோல்டர் போதுமான அளவு பின்னால் தள்ளப்படவில்லை என்று அர்த்தம்.

அவரோ டையை அறிவுறுத்தல்படியே, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை திருகியிருந்தார். டையை மாட்டி அழுத்தும் ப்ரெஸ்ஸைக் கொண்டுவரச் சொல்லி, கூட்டோடு நெம்புகோலை முழுசாக இறக்கி, பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம். காலியாக இருக்கும்போது தொடுகிற டை, கூடு உள்ளே போய் அழுத்தம் ஏறியதும் ப்ரெஸ் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் விலகிவிடுகிறது. அடியிலிருந்து ஷோல்டர் வரையுள்ள தூரத்தைக் காட்டும் கம்பேரட்டர் வைத்து அளந்தால், அவர் ரைஃபிளில் சுட்டு எடுத்த கூட்டைவிட இவை 0.003 அங்குலம் நீளம். எங்கேயோ பொறுக்கிய, வேறு துப்பாக்கிகளில் சுட்ட பித்தளை கலந்திருந்ததால்தான் சிலது போனது, சிலது போகவில்லை.

டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கையால் போல்ட்டை இயக்கும் போல்ட்-ஆக்‌ஷனுக்கு, அதே ரைஃபிளில் சுட்ட கூட்டைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் வரை ஷோல்டரைப் பின்தள்ளினால் போதும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி-ஆட்டோ என்றால் 0.003, 0.004 வரை போகலாம். பயந்துபோய் அதற்கு மேல் தள்ளாதீர்கள், ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு அடிப்பக்கம் இழுபட்டு கடைசியில் அங்கேயே பிளந்துவிடும். லூப் (சைஸ் செய்யும்போது தடவும் மசகு) போதாவிட்டாலும், கழுத்தை உள்ளிருந்து விரித்துக்கொண்டு வெளியே வரும் எக்ஸ்பாண்டர் உருண்டை கழுத்தைப் பிடித்து இழுத்து, தள்ளிய ஷோல்டரைத் திரும்ப முன்னால் கொண்டுவந்துவிடும். கழுத்தின் உட்புறத்துக்கும் லூப் தடவுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது கூட்டின் மொத்த நீளம், அதாவது அடியிலிருந்து வாய் வரை. .308 கூடு 2.015 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, 2.005-க்கு வெட்டிவிட வேண்டும். நீண்டுவிட்ட கூட்டின் வாய் சேம்பர் முனையில் இடித்து குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் பலம் போட்டு போல்ட்டை மூடிச் சுட்டால், குண்டு சுலபமாகக் கழலாமல் அழுத்தம் அபாயகரமாக ஏறும். ஆசிரியர் மாதிரி ஓங்கித் தட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

மார்க்கர் பூசிய காலிக் கூடு சுலபமாகப் போய், முழுத் தோட்டா மட்டும் போகவில்லை என்றால் குண்டை நுழைத்த கட்டத்தில்தான் தப்பு நடந்திருக்கிறது. குண்டு வெளியே நீட்டிக்கொண்டு ரைஃப்ளிங் லேண்ட்ஸில் (குழலின் உள்ளே சுருளாகப் போகும் மேடுகள்) போய் அழுந்தியிருக்கலாம். அப்படியானால் தோட்டாவை வெளியே இழுக்கும்போது குண்டு குழலிலேயே தங்கி, பவுடர் போல்ட் ஓடும் ஆக்‌ஷன் முழுக்கக் கொட்டலாம். இல்லையென்றால் கிரிம்ப் (குண்டைப் பிடிக்கக் கூட்டின் வாயை நெருக்குவது) அதிகமாகி ஷோல்டருக்குக் கீழே லேசாகப் புடைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நகத்தை ஓட்டினால் தெரியும். அடிப்பாகத்தில் வளையம் தேய்ந்திருந்தால் அது பெரிய சேம்பரில் சுட்ட கூடு, அடிப்பாகத்தை இன்னும் ஒடுக்கும் ஸ்மால் பேஸ் டை வேண்டும். ப்ரைமரும் கூட்டின் அடிமட்டத்தைவிடச் சற்று உள்ளடங்கியே இருக்க வேண்டும். எம்1 காரண்ட் போல, ப்ரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் தளர்வாக ஆடும் துப்பாக்கிகளில் மேலே துருத்திய ப்ரைமர், விசையைத் தொடாமலேயே வெடிக்க வைக்கலாம்.

ஆசிரியரின் பெட்டியில் இருந்ததை கேஸ் கேஜ் என்ற அளவுக் குழாயில் போட்டுப் பார்த்ததில் மீதி இருந்ததில் பெரும்பாலானவை தேறவில்லை. குண்டைப் பிடுங்கி, பவுடரைக் கொட்டி, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பிரித்தார். மறுபடி வந்தபோது போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிக் கொடுத்து, புதிதாக சைஸ் செய்த காலிக் கூட்டை விட்டுப் பார்க்கச் சொன்னேன். கைப்பிடி தன் பாரத்திலேயே கீழே இறங்கி, கடைசியில் மட்டும் லேசாக ஒரு பிடி பிடித்து நின்றது. இரண்டு மூன்று தடவை தூக்கி விட்டுப் பார்த்தார். அதற்கப்புறம்தான் ப்ரைமர் டப்பாவைத் திறந்தார்.