வாழ்நாள் பரவல்: ஒரு சொல் விளக்கம்

ஒரு பல்பு எரிந்துபோக எத்தனை நாள் ஆகும்? சிகிச்சை முடிந்தவருக்கு நோய் திரும்ப எவ்வளவு காலம்? முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கால அளவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கு வைக்க முடியும். புள்ளியியலில் அந்தக் கணக்குக்கு ‘லைஃப்டைம் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று பெயர். தமிழில் வாழ்நாள் பரவல்.

‘வாழ்நாள்’ பற்றித் தகராறு இல்லை. குறளிலேயே (38) இருக்கும் சொல். வடமொழி வழி வந்த ‘ஆயுள்’ என்றாலும் குற்றமில்லை. பேட்டரிக்கு எதற்கு வாழ்நாள் என்று சிலர் கேட்பார்கள். ‘பேட்டரி செத்துப்போச்சு’ என்று சொல்கிறோமே, செத்தது அதுவரை வாழ்ந்திருக்கத்தானே வேண்டும்!

‘டிஸ்ட்ரிபியூஷன்’தான் யோசிக்க வைக்கிறது. அதன் லத்தீன் வேருக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தல் என்று பொருள். மொத்த நிகழ்தகவு 1. அதைக் காலத்தின் மீது பங்கு போடுகிறோம். அப்படிப் பார்த்தால் ‘பங்கீடு’ என்பதே நேர்ச்சொல். ஆனால் பங்கீடு என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். இங்கே யாரும் கொடுக்கவில்லை. வாய்ப்பு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தானாகக் கிடக்கிறது. அதனால் பாடநூல்களின் ‘பரவல்’ எனக்குச் சரியாகவே படுகிறது. இலங்கையில் ‘பரம்பல்’ என்பார்கள், அதுவும் அழகு. ‘விநியோகம்’ மட்டும் வேண்டாம், அது சரக்குக்கு உரிய சொல்.

இந்தத் துறையின் உயிர்நாடி இன்னொரு சொல்: ‘ஹசார்ட்’. பழைய பிரெஞ்சில் ஒரு பகடை ஆட்டத்தின் பெயர் அது. ஆபத்து என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘இடர் வீதம்’ எனலாம். இதுவரை தாக்குப்பிடித்தவற்றில், அடுத்த கணத்தில் எவ்வளவு வேகத்தில் விழும் என்பதே அது. ‘இதுவரை தாக்குப்பிடித்தவற்றில்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும்.

இந்த வீதம் என்றும் மாறாமல் இருந்தால் கிடைப்பது அடுக்குக்குறிப் பரவல். எளிமையானது, ஆனால் விசித்திரமானது. சராசரி வாழ்நாள் 10 ஆண்டு என்றால் பாதியாவது 10 ஆண்டைத் தாண்டும் என்று நினைப்போம். தாண்டுவது சுமார் 37 விழுக்காடுதான். அதைவிட, பழசுக்கும் புதுசுக்கும் அதில் வேறுபாடே கிடையாது. 8 ஆண்டு ஓடிய பொருளும் நேற்று வாங்கியதும் ஒன்று! தேய்கிற எதற்கும் இது பொருந்தாது.

மனிதர் விஷயத்தில் வயது ஏற ஏற இடர் மடங்கு மடங்காக ஏறுகிறது என்று 1825 இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் கோம்பெர்ட்ஸ் எழுதினார். வயதைச் சாராத விபத்துகளுக்காக 1860 இல் மேக்கம் ஒரு மாறிலியைச் சேர்த்தார். ஸ்வீடன் பொறியாளர் வெய்புல்லின் 1951 கட்டுரை அவர் பெயரிலான பரவலை உலகறியச் செய்தது. அதில் வடிவப் பண்பளவை (வளைவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண், ‘பாராமீட்டர்’) 1க்குக் கீழே இருந்தால் இடர் இறங்கும், மேலே இருந்தால் ஏறும், சரியாக 1 என்றால் பழைய அடுக்குக்குறிப் பரவலே.

சரி, அப்புறம் ஏன் இன்னும் புதுசு புதுசாகப் பரவல்களை உருவாக்குகிறார்கள்? வெய்புல்லில் இடர் ஏறும் அல்லது இறங்கும். ஒரே வளைவில் இரண்டையும் செய்யாது. பிறந்த குழந்தைக்கு இடர் அதிகம், பிறகு தணிகிறது, முதுமையில் மறுபடி ஏறுகிறது. இயந்திரங்களிலும் தொடக்கக் கோளாறு, நடுவில் அமைதி, கடைசியில் தேய்மானம். இதைக் குளியல்தொட்டி வளைவு என்பார்கள். 1993 இல் முதோல்கரும் ஸ்ரீவஸ்தவாவும் வெய்புல்லின் திரள் சார்பை (ஒரு காலத்துக்குள் விழுந்துவிடும் வாய்ப்பைச் சொல்வது) ஓர் அடுக்குக்கு உயர்த்தினார்கள். கூடுதலாக ஒரே ஒரு பண்பளவை, தொட்டி வடிவம் கிடைத்துவிட்டது. இதை ‘அடுக்கேற்றிய வெய்புல்’ எனலாம்.

அதன் பிறகு இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. இந்திய நீரியலாளர் பூண்டி குமாரசாமி 1980 இல் நீரியலுக்காகத் தந்த பரவலை எடுத்து, 2011 இல் கோர்தெய்ரோவும் டி காஸ்ட்ரோவும் எந்தப் பரவலையும் அதற்குள் செருகும் வழி காட்டினார்கள். குமாரசாமி–வெய்புல், குமாரசாமி–காமா என்று ரயில்பெட்டி போலப் பெயர்கள் நீண்டன. இவற்றை நான் ‘புதிய பரவல்’ என்பதைவிட ‘விரிவாக்கிய பரவல்’ என்றே சொல்வேன். பண்பளவை கூடினால் வளைவு தரவோடு இன்னும் ஒட்டும், அதில் வியப்பில்லை. அந்தக் கூடுதல் எண் எதைக் குறிக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால், பெயர் மட்டும்தான் புதுசு. பரவல்களில் எது தரவுக்கு மேல் என்று ஒப்பிட ஜப்பானியப் புள்ளியியலாளர் அகைக்கே 1974 இல் முன்வைத்த அளவுகோல் கூடுதல் பண்பளவைக்கு அபராதம் போடும். பொருள் இருக்கிறதா என்று கேட்காது.

கடைசியாக, மொழிபெயர்ப்பில் கால் வழுக்கும் ஓர் இடம். ‘சென்சார்ட் டேட்டா’வைத் ‘தணிக்கை செய்யப்பட்ட தரவு’ என்று எழுதினால், யாரோ வேண்டாததை வெட்டிவிட்டார்கள் என்று தோன்றும். நடந்தது வேறு: ஆய்வு முடிந்தபோதும் சிலர் உயிரோடு இருந்தார்கள், சில பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. ‘குறைந்தது இத்தனை நாள்’ என்பது மட்டும் தெரியும். இதற்கு ‘முடிவு காணாத தரவு’ என்பேன். ‘20 பல்புகளில் 6 முடிவு காணாதவை’ என்று எழுதினால், படிப்பவர் கத்தரிக்கோலைத் தேட மாட்டார்.