கை மரத்ததா, இடுப்பு விட்டுப்போனதா?

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு கிளாஸை வாங்கியபோதுதான் கவனித்தேன், விரல் நுனியில் சூடே உறைக்கவில்லை. உள்ளங்கை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு. நான் ஓட்டி வந்தது இரவல் வாங்கிய பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். கூட வந்த நண்பருடையது புத்தம் புது கிரூஸர். தாழ்ந்த சீட், அகலமான ஹேண்டில்பார், காலை முன்னால் நீட்டி வைக்கும் ஃபுட்ரெஸ்ட். அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கியதும் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தவர் போலப் பின்னால் வளைந்து நின்றார்.

இருவரும் சொன்னது ஒரே வார்த்தை: "செம வைப்ரேஷன்." ஆனால் என்னைப் படுத்தியது எஞ்சின், அவரைப் படுத்தியது ரோடு. ஒன்று நொடிக்குப் பல பத்து முறை வரும் அதிர்வு. இன்னொன்று நொடிக்கு நாலைந்து முறை வரும் குலுக்கல். கிரூஸரா, நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த டூரிங் வண்டியா என்று அலசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுவதால்தான் பேச்சு முடிவுக்கே வருவதில்லை.

முதலில் எஞ்சின். இங்கிலாந்தில் பிறந்து சென்னையில் வளர்ந்த பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 90 மி.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றினால், பிஸ்டன் நொடிக்கு 60 முறை மேலே போய் நின்று, திரும்பிக் கீழே போய் நின்று, மறுபடி மேலே வர வேண்டும். அப்படி நிறுத்தித் திருப்பும் இடத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 650 மடங்கு. பிஸ்டனும் அதைக் கோத்திருக்கும் முளையும் சேர்ந்து 300 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கணத்தில் அது கிட்டத்தட்ட 195 கிலோ எடை போல எஞ்சினை இழுக்கிறது. முதலில் மேலே, அடுத்த நொடித்துளியில் கீழே. சுற்றின் வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ.-ல் சாதுவாகப் போன வண்டி 85-ல் கண்ணாடியில் தெரியும் லாரியை இரண்டாகக் காட்டுவது இதனால்தான்.

இதைச் சரிகட்ட, பிஸ்டனின் மேல்-கீழ் ஆட்டத்தைச் சுற்றாக மாற்றும் தண்டான கிராங்கில் எதிர் எடை வைப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல். பிஸ்டன் மேலும் கீழும்தான் ஆடுகிறது. கிராங்கில் உள்ள எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. முழு எடையையும் வைத்தால் மேல்-கீழ் ஆட்டம் போய், அதே அளவு ஆட்டம் முன்-பின்னாக வந்து சேரும். அதனால் பாதி அளவுக்கு வைத்துவிட்டு மீதியைப் பொறுத்துக்கொள்வது பழைய வழக்கம். அந்த மீதியைத் தின்னப் பிறந்ததுதான் பேலன்சர் ஷாஃப்ட்: கிராங்கின் அதே வேகத்தில், எதிர்த் திசையில் சுற்றும் இன்னொரு எடை. இரண்டு எடைகளும் முன்-பின் ஆட்டத்தில் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். மேல்-கீழில் ஒன்று சேர்ந்து பிஸ்டனை அடக்கும். புல்லட்டைச் செய்யும் ராயல் என்ஃபீல்டின், 2020-ல் வந்த மீட்டியோர் 350-ல் இது உண்டு. ஏறத்தாழ அதே கொள்ளளவு, அதே ஒற்றை சிலிண்டர். ஆனால் பழைய புல்லட் ஓட்டியவர் இதில் ஏறினால் எஞ்சின் ஓடுகிறதா என்று ஒரு கணம் சந்தேகப்படுவார்.

அமெரிக்க கிரூஸரின் கதை கொஞ்சம் வேறு. ஹார்லி-டேவிட்சனின் வி-ட்வின் எஞ்சினில் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே 45 டிகிரிதான் கோணம். இரண்டு கனெக்டிங் ராடும் ஒரே கிராங்க் பின்னில். ஒரு வெடிப்புக்குப் பிறகு கிராங்க் 315 டிகிரி சுற்றியதும் அடுத்தது, பிறகு 405 டிகிரி காத்திருப்பு. அந்த நொண்டித் தாளம்தான் அதன் புகழ்பெற்ற சத்தம். கோணம் 90 டிகிரியாக இருந்தால் இரண்டு பிஸ்டன்களின் முதன்மை விசைகளையும் (ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வருபவை) எதிர் எடையாலேயே சரிக்கட்டிவிடலாம். 45-ல் அது முடியாது. ஆகவே 1980-ல் வந்த டூரிங் மாடலில் எஞ்சினை ஃபிரேமோடு நேரடியாக இறுக்காமல் ரப்பர் வைத்துத் தொங்கவிட்டார்கள்.

இந்த ரப்பரிடம் சற்று நிற்க வேண்டும். மொத்த விஷயத்தின் சூட்சுமம் இங்கேதான்.

எதையாவது ரப்பர் மீதோ ஸ்பிரிங் மீதோ வைத்தால், அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் வந்துவிடும். தட்டிவிட்டால் அந்த வேகத்தில்தான் ஆடும். வெளியிலிருந்து வரும் ஆட்டம் அதே அதிர்வெண்ணில் வந்தால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியது போல ஆட்டம் பெருகும். அதைவிட ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் வேகமாக வந்தால்தான் ஸ்பிரிங் காப்பாற்றத் தொடங்கும். வேகம் கூடக் கூட இன்னும் நன்றாகக் காப்பாற்றும். ரப்பரில் தொங்கும் பெரிய வி-ட்வின், வண்டி நிற்கும்போது ஜுரத்தில் நடுங்குவது போலக் குலுங்கி, நெடுஞ்சாலையில் வழுக்கிக்கொண்டு போவதன் காரணம் இது. ஐட்லிங்கில் எஞ்சினின் வேகம் ரப்பரின் இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில். 2,400 சுற்றில் நொடிக்கு 40 அதிர்வு வரும்போது அதைவிட வெகு தூரம்.

சரி, இயல்பு அதிர்வெண்ணை எப்படிக் குறைப்பது? ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும். மென்மையாக இருந்தால் பாரம் ஏறியதும் அது அமுங்கும். நொடிக்கு 10 என்ற இயல்பு அதிர்வெண்ணுக்கு அமுக்கம் வெறும் இரண்டரை மி.மீ. ஒரு ரப்பர் துண்டு போதும். நொடிக்கு 2 என்று வேண்டுமானால் 6 செ.மீ. அமுங்க வேண்டும். விறைப்பாக 3.5 என்றால் 2 செ.மீ. போதும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போவோம்.

கான்கிரீட் நெடுஞ்சாலையில் பலகைக்குப் பலகை இணைப்பு வரும் இடத்தில் 'டக்... டக்...' என்று தட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். இணைப்புகளுக்கு நடுவே நாலரை மீட்டர் என்று வைத்தால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஐந்து தட்டு. இதுதான் வம்பான எண். உட்கார்ந்திருக்கும் மனித உடலைச் செங்குத்தாகக் குலுக்கினால் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 4 முதல் 8 முறை) வரைதான் அது மிகவும் சங்கடப்படுகிறது. உடல் அதிர்வை அளக்கும் ஐஎஸ்ஓ 2631 தரநிலையும் இந்த வரம்புக்கே அதிக மதிப்பெண் போடுகிறது. வயிறும் உறுப்புகளும் தோள்பட்டையும் தாமே ஒத்தாடத் தொடங்கும் இடம் அது. முதுகெலும்பைச் சுற்றிய தசைகள் நாம் அறியாமலே இறுகி இறுகி விடும். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு 'இடுப்பு விட்டுப்போச்சு' என்கிறோம்.

இயல்பு அதிர்வெண் 2 ஆக இருக்கும் சஸ்பென்ஷன், நொடிக்கு ஐந்தாக வரும் இந்தக் குலுக்கலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மேலே விடும். ஷாக் அப்சார்பரின் எண்ணெய்த் தடையைக் கணக்கில் சேர்க்காத, ஏட்டுக் கணக்குதான் இது. அதுவே 3.5 ஆக இருந்தால் 1.4 மடங்கு எல்லையிலேயே மாட்டிக்கொள்கிறது: வந்ததெல்லாம் அப்படியே முதுகுக்கு. ஆக, எஞ்சின் அதிர்வை விரற்கடை ரப்பர் அடக்கிவிடும். ரோட்டுக் குலுக்கலை அடக்க இடம் வேண்டும். ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைத்துக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

கிரூஸரிடம் இல்லாதது அந்த இடம்தான். சீட் தாழ்வாக இருந்தால்தானே அது கிரூஸர்! சீட்டைத் தாழ்த்த வேண்டுமென்றால் பின் சக்கரம் மேலே வருவதற்கான இடத்தைத்தான் வெட்ட முடியும். சூப்பர் மீட்டியோர் 650-ல் பின் சக்கரத்தின் பயணம் 101 மி.மீ. அதே கம்பெனியின் ஹிமாலயன் 450-ல் 200 மி.மீ. முன்னதன் எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடும் இரட்டை சிலிண்டர், பின்னது ஒற்றை. எஞ்சினை மட்டும் கேட்டால் கிரூஸர்தான் ஜெயிக்கும். குழியைக் கேட்டால் கதை தலைகீழ்.

டூரிங் வண்டி என்றாலே நீண்ட சஸ்பென்ஷன் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஹோண்டா கோல்ட் விங்கின் பின் சக்கரப் பயணம் 105 மி.மீ.தான். அதன் சாமர்த்தியம் வேறு வழியில். 1975 மாடலாக நான்கு சிலிண்டரோடு வந்து, 1988 மாடலில் ஆறு சிலிண்டருக்கு மாறிய எஞ்சின் அது. எதிரெதிரே படுத்திருக்கும் பிஸ்டன்கள் இரண்டு பேர் உள்ளங்கைகளை ஒட்டித் தள்ளுவது போல ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். பேலன்சர் ஷாஃப்டே தேவையில்லை. வண்டி கனமானதால், மேலேயுள்ள எடையோடு ஒப்பிட்டால் சக்கரத்தின் எடை அற்பம். குழியில் சக்கரம் எகிறினாலும் அவ்வளவு பெரிய உடம்பை அதனால் அசைக்க முடியவில்லை. 2018 மாடலில் முன்பக்கம் வழக்கமான ஃபோர்க்கையும் விட்டுவிட்டு, கார்களில் இருப்பது போன்ற இரட்டை விஷ்போன் வைத்தார்கள். குழாய்க்குள் குழாய் உரசும் ஃபோர்க், சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் அசையாமல் ஒட்டிக்கொள்ளும். விஷ்போனில் அந்தப் பிடிவாதம் குறைவு.

ஹார்லிக்காரர்கள் செய்த ஒன்று எனக்குப் பிடிக்கும். 2017 மாடல் டூரிங் வண்டிகளில் வந்த மில்வாக்கி-எய்ட் எஞ்சினுக்கு ஒரு பேலன்சர் வைத்தார்கள். ஐட்லிங்கில் முதன்மை அதிர்வில் முக்கால் பங்கை மட்டும் அடக்கி, கால் பங்கை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். மிக்சி மாதிரி ஓடும் வண்டியை யார் ஹார்லி என்று வாங்குவார்கள்?

கடைசியாக, உட்காரும் விதம். என் நண்பரின் இடுப்பு வலியில் சரிபாதிக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. காலை முன்னால் நீட்டினால் உடம்பின் பாரம் முழுக்க வால் எலும்பின் மேல் இறங்குகிறது. முதுகும் முன்னோக்கி வளைந்துவிடுகிறது. குழி வந்தால் எழ வழியில்லை. டூரிங் வண்டியில் பாதம் இடுப்புக்குக் கீழே, கொஞ்சம் பின்னாலும்கூட. கண் குழியைப் பார்த்ததும் முழங்கால் தானாகவே இரண்டாவது சஸ்பென்ஷனாக வேலை செய்கிறது. முன்பு டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவரைவிட, கம்பியைப் பிடித்து நின்றவர் ஸ்பீட் பிரேக்கரைச் சுலபமாகக் கடந்ததை நினைத்துப் பாருங்கள். சீட்டைப் பஞ்சு மாதிரி மாற்றினால் சரியாகிவிடும் என்று சீட் கடைக்காரர் சொல்வார். அரை மணி நேரத்தில் அந்த ஸ்பாஞ்ச் அமுங்கி அடிப்பலகை தட்டும்.

கை மரப்புக்கு வைத்தியம் ஒப்பீட்டளவில் மலிவு: ஹேண்டில்பார் முனையில் கனமான எடை, தடித்த கிரிப், பிடியைத் தளர்த்தும் பழக்கம், ஒரு கியர் மேலே போட்டு 300 சுற்று குறைத்து ஓட்டுவது. இடுப்புக்குத்தான் கடையில் பொருள் கிடையாது. புது வண்டி பார்க்கப் போனால், ஷோரூம்காரர் தரும் இரண்டு கிலோமீட்டர் சுற்றில் எஞ்சினை முறுக்கிப் பார்ப்பதோடு, ஏதாவது ஒரு ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னால் ஹேண்டில்பாரை இழுக்காமல் காலை மட்டும் ஊன்றி சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழ முடிகிறதா என்று பாருங்கள். நண்பர் டீக்கடை வாசலிலேயே, ஸ்டாண்டில் நின்ற தன் வண்டியில் ஏறி முயன்றார். முடியவில்லை. மிச்ச தூரத்துக்கு என் சாவியைக் கேட்டார்.