ஊசி போட்ட பிறகு நாய்க்கு ஏதாவது ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள்

"போனமுறை ஊசி போட்டுக்கொண்டு போன பிறகு முகம் வீங்கினது டொக்டர். இரவுக்கிடையிலை தானா வத்திட்டுது."

வாசலில் வைத்தே இதைச் சொல்பவர்கள் குறைவு. நாய் மேசையில் ஏறி, நான் மருந்தை இழுத்து, ஊசியைக் கையில் பிடித்த பிறகுதான் பேச்சோடு பேச்சாக வரும். சிலர் அப்போதும் சொல்வதில்லை. டொக்டரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற கூச்சம் ஒன்று, வத்திவிட்டதுதானே இனி என்ன என்ற நினைப்பு மற்றது. ஆனால் எனக்கு அந்த வீக்கம் மிகவும் தேவையான தகவல். ஒருமுறை முகம் வீங்கிய நாய்க்கு அடுத்த முறை அதைவிடக் கடுமையாக வரக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் நான் வேறு விதமாக ஆயத்தம் செய்வேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைப்போம். அமெரிக்காவில் 12 இலட்சத்துக்கும் அதிகமான நாய்களின் பதிவுகளைப் பார்த்து 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. தடுப்பூசி போட்டு மூன்று நாட்களுக்குள் ஏதாவது எதிர்விளைவு பதிவானது 10,000 நாய்களுக்கு ஏறக்குறைய 38இல்தான். அதிலும் பெரும்பாலானவை ஆளைக் கொல்லும் வகை அல்ல. அதே ஆய்வு காட்டிய இன்னொரு விஷயம் நமக்கு முக்கியம்: உடல் எடை குறையக் குறையவும், ஒரே வரவில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை கூடக் கூடவும் ஆபத்து ஏறுகிறது. வீட்டுக்குள் வளரும் பொமரேனியன் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட அன்று நாய் சுருண்டு படுப்பது, சோற்றைப் பாதியில் விடுவது, லேசாகச் சுடுவது எல்லாம் வழமை. ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். போட்ட இடத்தில் சின்னக் கட்டி ஒன்று தட்டுப்படலாம். அது சில கிழமைகளில் கரைய வேண்டும். வளர்ந்துகொண்டே போனாலோ மூன்று மாதம் தாண்டியும் இருந்தாலோ கொண்டுவந்து காட்டுங்கள்.

ஆபத்தானது வேகமாக வரும். சில நிமிடங்களில் தொடங்கி, பெரும்பாலும் முதல் சில மணித்தியாலங்களுக்குள். கண்ணிமையும் மூஞ்சியும் வீங்கும், உடம்பில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும், நாய் முகத்தை நிலத்தில் தேய்க்கும். குட்டை முடி நாயில் தடிப்பு கண்ணுக்கே தெரியும். சடை நாயென்றால் முடிக்கு எதிர்ப்பக்கமாகக் கையை ஓட்டிப் பாருங்கள், கையில் தட்டுப்படும். இந்த அளவில் நின்றால்கூட எங்களுக்கு அழைக்க வேண்டும்.

மனிதருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தால் மூச்சு முட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நாய்க்கு அது முதலில் வயிற்றிலும் ஈரலிலும்தான் தெரியும். திடீரென்று சத்தி (வாந்தி), வயிற்றோட்டம், சிலவேளை இரத்தம் கலந்து. அதன்பின் கால் தள்ளாடி விழும். "காலையிலை என்னத்தையோ திண்டிட்டுது போல" என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த அரைமணித்தியாலம்தான் உயிருக்கு உலை. ஆகவே முரசை, அதாவது பல் ஈறைப் பாருங்கள். மேலுதட்டை உயர்த்தி, முரசில் விரலால் அழுத்தி எடுத்தால் வெள்ளையாகும். இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வர வேண்டும். வெளிறியே இருந்தால், அல்லது நிறம் திரும்ப நேரமெடுத்தால், ஆட்டோவைக் கூப்பிடுங்கள். எங்கள் ஊர்நாய்களில் பலவற்றுக்கு முரசே கறுப்பு. அவற்றுக்குக் கீழ்க்கண்ணிமையை மெல்ல இழுத்து உட்பக்க நிறத்தைப் பார்க்கலாம். நாய் நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை பார்த்து வைத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். விழுந்து கிடக்கும் நாயின் வாய்க்குள் தண்ணீரோ குளிசையோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதற்குத் தேவை அட்ரினலின் ஊசி. அது எங்களிடம் இருக்கிறது.

இதனால்தான் தடுப்பூசிக்குக் காலையில் வாருங்கள் என்று சொல்கிறேன். வேலை முடித்து ஆறு மணிக்கு வந்து போட்டுக்கொண்டு போனால், வீக்கம் கிளம்பும் நேரம் எல்லாக் கதவும் பூட்டியிருக்கும். நெடுந்தீவிலிருந்து வருபவர்கள் கடைசிப் படகுக்கு ஓடும் அவசரத்தில் போடவே கூடாது. போட்டபின் அரைமணித்தியாலம் இருந்துவிட்டுப் போங்கள். கோயிலடியிலும் சனசமூக நிலையத்திலும் நடக்கும் இலவச விசர்நாய் (ரேபிஸ்) தடுப்பூசி முகாமிலும் இதே கதைதான். மர நிழலில் கட்டி, தண்ணீர் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். வைகாசி வெயிலில் நாயை இழுத்துக்கொண்டு வந்து, இழுத்துக்கொண்டே ஓடினால் வெப்பத்தாலும் நாய் விழும். அப்புறம் பழி ஊசிமேல்.

இவ்வளவு நேரம் தடுப்பூசியைப் பற்றிப் பேசினாலும், நான் அதிகம் கவலைப்படுவது மற்ற மருந்துகளைப் பற்றித்தான். முக்கியமாக உண்ணி மருந்து.

யாழ்ப்பாணத்தில் நாய் வளர்ப்பவருக்கு உண்ணியோடு ஓயாத சண்டை. அதனால் மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் போத்தலிலிருந்து "கொஞ்சம்" நாய்க்கும் ஏற்றுவது பலர் வீட்டு வழக்கம். கணக்கைப் பாருங்கள். இதயப்புழுவைத் தடுக்க நாய்க்குக் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். மாட்டுக்கான ஒரு சதவீத மருந்தில் ஒரு மில்லிலீட்டருக்குள் இருப்பது 10,000 மைக்ரோகிராம். "கொஞ்சம்" என்ற அளவுக்கு இங்கே இடமே இல்லை. கோலி இன நாய்கள் பலவற்றிலும், அல்சேஷன் சிலவற்றிலும் ஒரு மரபணுக் குறை இருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். மூளைக்குள் மருந்து புகாமல் தள்ளும் காவல் அந்த நாய்களில் வேலை செய்யாது. மற்ற நாய் தாங்கும் அளவே அவற்றுக்கு நஞ்சாகும். கண்மணி விரிந்து, எச்சில் வடிந்து, சுவரில் முட்டி நடந்து, கடைசியில் நினைவிழந்து கிடக்கும். நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. நாட்கணக்கில் சேலைன் ஏற்றிப் பராமரிக்கத்தான் முடியும். உங்கள் கலப்பு நாயின் பாட்டன் கோலியா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது கனடாச் சித்தப்பாவின் சூட்கேஸ். சொக்லேட்டுக்குப் பக்கத்தில் நாய்க்கு உண்ணிக் குளிசையும் வருகிறது (அந்தச் சொக்லேட்டும் நாய்க்கு நஞ்சுதான், அது வேறு கதை). ஃப்ளூராலனர், அஃபொக்சோலனர், சரோலனர் போன்றவை நல்ல மருந்துகள், நானும் எழுதிக்கொடுக்கிறேன். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எடை அங்கே உள்ள நாய்க்கு. பெரிய நாயின் குளிசையை நாலாக உடைத்துக் கொடுத்தால் மருந்து சமமாகப் பிரியும் என்ற உறுதி இல்லை. இந்த வகைக் குளிசைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் வரலாம் என்று 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. முன்பு வலிப்பு வந்த நாயென்றால் கொடுப்பதற்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். ஃப்ளூராலனர் பன்னிரண்டு கிழமைவரை உடம்பில் வேலை செய்யும். இன்று விழுங்கிய குளிசைக்கு அடுத்த மாதம் ஏதாவது நடந்தாலும் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலுக்குப் போடும் இமிடோகார்ப் ஊசி வேறு மாதிரி. போட்ட சில நிமிடங்களில் எச்சில் கொட்டும், நாய் நிலைகொள்ளாமல் தவிக்கும், சத்தியெடுக்கும், மலம் இளகிப் போகும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் எதிர்பார்த்ததுதான். முன்கூட்டியே அட்ரோப்பின் போட்டால் குறையும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து குடிக்கும் நாய் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்து வீடெல்லாம் சிறுநீர் கழித்தால் அதுவும் மருந்தின் வேலைதான். அதற்காக நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள், எங்களைக் கேளுங்கள்.

நொண்டுகிற நாய்க்கு வீட்டிலிருக்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். சத்தியில் இரத்தம், கறுத்துப் பிசுபிசுத்த மலம் என்று வந்தால் இரைப்பை புண்ணாகிவிட்டது என்று அர்த்தம். சிறுநீரகமும் சேர்ந்து போகலாம். பனடோலும் அளவு கூடினால் ஈரலைத் தாக்கும். கொடுத்துவிட்டீர்களா, கொடுத்தேன் என்று சொல்லுங்கள். நான் ஏச மாட்டேன். "ஒண்டும் குடுக்கேல்லை டொக்டர்" என்ற பதிலால்தான் சிகிச்சை பிழையாகிப் போகிறது.

சரி, ஏதாவது நடந்துவிட்டது. மருந்தை நிறுத்திவிட்டு அழையுங்கள். ஊசி எத்தனை மணிக்கு, அறிகுறி எத்தனை மணிக்கு என்று கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வீங்கிய முகத்தை ஒரு படம், தள்ளாடும் நடையை ஒரு வீடியோ. இங்கே வந்து சேர்வதற்குள் வீக்கம் வத்திவிட்டால் அந்தப் படம்தான் சாட்சி. குளிசைப் பட்டையை, போத்தலை, பெட்டியை எறியாதீர்கள். தடுப்பூசிக் குப்பியிலுள்ள சின்ன ஸ்டிக்கரை நாங்கள் அட்டையில் ஒட்டுகிறோம் அல்லவா, அது அலங்காரத்துக்கு அல்ல. தொகுதி (batch) இலக்கமும் காலாவதித் திகதியும் அதில் இருக்கின்றன. ஒட்டாமல் தந்தால் கேட்டு வாங்குங்கள்.

அதை வைத்து நாங்கள் இரண்டு இடங்களுக்கு எழுதலாம். ஒன்று மருந்தை இறக்குமதி செய்த நிறுவனம். மற்றது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் மிருக வைத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரசபை. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். ஊசி போட்ட மறுநாள் இரத்தமாகக் கழியும் குட்டிக்கு, ஊசி போடுவதற்கு முன்பே பார்வோ வைரஸ் தொற்றியிருக்கலாம். அதைப் பிரித்துப் பார்ப்பது அறிக்கை வாங்குபவர்களின் வேலை. ஒரு நாயின் கதையில் எதுவும் தெளிவாகாது. ஒரே தொகுதி இலக்கத்தோடு சுன்னாகத்திலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் அறிக்கை வந்தால் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். உண்ணிக் குளிசை பற்றிய அந்த 2018 எச்சரிக்கைக்கு அடிப்படையாகவும் இப்படி வந்துசேர்ந்த அறிக்கைகள் இருந்தன.

மருந்து வேலை செய்யாததும் அறிவிக்க வேண்டிய ஒன்றுதான் என்பது பலருக்குத் தெரியாது. ஒழுங்காக ஊசி போட்ட நாய்க்கு அதே நோய் வந்தால் சொல்லுங்கள். தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டிய பொருள். வழியில் எங்கேயோ குளிர் அறுந்திருந்தால் இப்படித்தான் வெளியே தெரியவரும்.

ஒருமுறை முகம் வீங்கியதென்று விசர்நாய்த் தடுப்பூசியையே நிறுத்திவிட்ட வீடுகள் உண்டு. அந்த நோய் வந்தால் நாயும் உயிர் தப்பாது, கடிபட்டு ஊசி போடாமல் விட்ட மனிதரும் உயிர் தப்ப மாட்டார். அப்படிப்பட்ட நாயை நிறுத்தாமல் கொண்டுவாருங்கள். விசர்நாய் ஊசியையும் பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியையும் ஒரே நாளில் போடாமல் சில கிழமை இடைவெளி விடுவேன், தேவையென்றால் முன்கூட்டியே ஒவ்வாமை மருந்து கொடுப்பேன், அன்று மத்தியானம்வரை நாய் எங்களோடு இருக்கும். தடுப்பூசி அட்டையின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால் மருந்தின் பெயரையும் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். நான் விடுமுறையில் இருக்கும் நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் டொக்டருக்கு உங்கள் நாயைத் தெரியாது.